பட்ஜெட் கேமிங்: புது டெஸ்க்டாப்பா, பழைய ஆபீஸ் டவரா, லேப்டாப்பா?

குறைந்த தொகையில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்க நான்கு வழிகள் உண்டு. கிராபிக்ஸ் கார்டே போடாமல், பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி அசெம்பிள் செய்வது ஒன்று. செகண்ட் ஹேண்டில் ஆபீஸ் டவர் வாங்கி அதில் கார்டு செருகுவது இரண்டாவது. கேமிங் லேப்டாப் மூன்றாவது. தனி கார்டோடு புது டெஸ்க்டாப் நான்காவது. வாங்கிய அன்று கிடைக்கும் எஃப்பிஎஸ்ஸை (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) மட்டும் வைத்துப் பார்த்தால் எளிய விளையாட்டுகளில் நான்கும் போதுமானவையாகவே தெரியும். இரண்டு வருடம் கழித்து எந்தப் பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம் என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கையில் பணம் குறைவாக இருப்பவர் மொத்தமாக இன்னொன்று வாங்க முடியாது. அதனால் அவருக்கு இந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

கார்டு இல்லாத டெஸ்க்டாப்

இந்த வழியில் அதிகம் பேசப்படுபவை ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி, ரைசன் 5 8600ஜி பிராசஸர்கள் இரண்டும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். டிடிஆர்4 3200 ரேம் இரண்டு போட்டால் நொடிக்கு 51.2 ஜிபி, டிடிஆர்5 6000 இரண்டு போட்டால் 96 ஜிபி. ஆர்எக்ஸ் 6600 கார்டில் இருக்கும் மெமரியின் வேகமோ நொடிக்கு 224 ஜிபி. ரேமோ பிராசஸரையும் சேர்த்துத் தாங்க வேண்டும், இந்த இடைவெளியை எந்த செட்டிங்காலும் அடைக்க முடியாது. ஒரே ரேம் ஸ்டிக்கைப் போட்டால் இருக்கும் வேகமும் பாதியாகும். 5600ஜி வாங்குகிறவர் 16 ஜிபி ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி இரண்டு வாங்க வேண்டும், மதர்போர்டின் அடிப்படை செட்டிங் மெனுவான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும்.

'கார்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்' என்று இந்த வழியில் இறங்குபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. 5600ஜியில் எல்3 கேஷ் (பிராசஸருக்குள் இருக்கும் அதிவேக மெமரி) 16 எம்பி, கார்டை இணைக்கும் பாதை பிசிஐஇ 3.0. பெயரில் 'ஜி' இல்லாத 5600இல் 32 எம்பி, பிசிஐஇ 4.0. பின்னால் கார்டு போட்டாலும் 5600ஜி கொஞ்சம் பின்தங்கியே ஓடும். 8600ஜி கார்டுக்குக் கொடுப்பது 8 லேன் (தகவல் போய்வரும் தடங்கள்), 8500ஜி 4 லேன்தான். வாலரண்ட், டோட்டா 2 மாதிரி எளிய விளையாட்டுகள் மட்டும்தான், கார்டு வாங்க இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்றால் இது சரி. மூன்று மாதம் பொறுத்தால் கார்டு வாங்க முடியும் என்றால் பொறுப்பதே மேல்.

பழைய ஆபீஸ் டவர்

டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் ஆகியவை அலுவலகங்களில் ஓடி வெளியே வரும் மெஷின்கள். கட்டுமானம் உறுதியானது, விலை அடிமட்டம். ஆனால் அதே மாடல் பெயரில் மூன்று அளவுகள் வரும். கையளவு மைக்ரோ பெட்டிகள் கார்டுக்கு ஆகாது. எஸ்எஃப்எஃப் எனப்படும் ஒல்லியான பெட்டியில் உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் கார்டுகள் மட்டும் நுழையும். முழு டவரில் சாதாரண கார்டும் உட்காரும். வாங்கினால் முழு டவர்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது பிராசஸரின் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெலில் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது, விதிவிலக்கான சில மாடல்களை விட்டால், 8ஆம் தலைமுறை முதல்தான். வாலரண்ட் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். ஐ5-6500 நான்கு கோர், நான்கு த்ரெட். ஐ5-8500 ஆறு கோர். விலையில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் பின்னதையே எடுங்கள்.

இந்த வழியின் உண்மையான முட்டுக்கட்டை பவர் சப்ளை. பல மாடல்களில் மதர்போர்டுக்கான கனெக்டர் வழக்கமான 24 பின் கிடையாது, கம்பெனியின் தனி வடிவம். வெளியில் வாங்கிய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) நேரடியாகப் பொருந்தாது, அடாப்டர் கேபிள் தேட வேண்டும். கார்டுக்கான 6 பின் கேபிளும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டைத்தான் போட முடியும்: ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி ரகம் 70 வாட், ஆர்எக்ஸ் 6400 53 வாட், கனெக்டர் இல்லாத ஜிடிஎக்ஸ் 1650 75 வாட். இவற்றில் ஆர்எக்ஸ் 6400ஐத் தவிர்க்கச் சொல்வேன். அதற்கு 4 லேன், 4 ஜிபி மெமரிதான். பழைய டவரின் பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் மெமரி நிரம்பியதும் தகவல் அந்த 4 லேன் வழியாகத்தான் போய்வர வேண்டும், படம் திக்கித் திக்கி ஓடும். இங்கே 3050 6 ஜிபிதான் சரியான ஜோடி. வாங்குமுன் அந்த மாடலின் மேனுவலில் இரண்டைப் பாருங்கள்: நீளமான ஸ்லாட்டுக்கு உண்மையில் 16 லேன் வயரிங் இருக்கிறதா, ஸ்லாட்டின் வாட் வரம்பு என்ன. எஸ்எஃப்எஃப் ரகங்களில் சில 75க்கும் குறைவாகவே அனுமதிக்கின்றன.

மதர்போர்டு போனால் அதே மாடல் போர்டைத் தேடி அலைய வேண்டும். ஆக இந்த வழியில் கார்டு, எஸ்எஸ்டி மாதிரி சிலதை மட்டும் பிற்காலத்துக்கு எடுத்துப் போகலாம், மற்றதெல்லாம் அந்தப் பெட்டியோடு முடியும்.

லேப்டாப்

லேப்டாப்பில் கார்டின் பெயர் எதையும் சொல்வதில்லை, வாட்தான் சொல்லும். ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் ரகத்துக்கு என்விடியா கொடுத்திருக்கும் வரம்பே 35 முதல் 115 வாட் வரை. ஒல்லியான உடலில் குறைந்த வாட்டில் ஓடுவதும், தடித்த உடலில் முழு வாட்டில் ஓடுவதும் ஒரே ஸ்டிக்கரோடு பக்கத்துப் பக்கத்தில் விற்கும். விவரப் பட்டியலில் டிஜிபி (கார்டுக்கு ஒதுக்கிய மின்சார வரம்பு) எத்தனை வாட் என்று போடாத மாடலை ஒதுக்கிவிடுங்கள். கார்டின் படத்தை நேராகத் திரைக்கு அனுப்பும் எம்யூஎக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறதா, ரேம் ஒற்றை ஸ்டிக்கா என்றும் பாருங்கள். சார்ஜரைக் கழற்றினால் எஃப்பிஎஸ் சரியும், பேட்டரியில் விளையாடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். மானிட்டர், கீபோர்டு, வெப்கேம் எதுவுமே இல்லாதவர் டெஸ்க்டாப் கணக்கில் அவற்றையும் சேர்த்தால் விலை இடைவெளி வெகுவாகக் குறையும். விடுதி அறையில் இருப்பவர், அடிக்கடி இடம் மாறுகிறவர் லேப்டாப் எடுப்பதில் தவறில்லை. ரேமும் எஸ்எஸ்டியும் தவிர வேறு எதையும் மாற்ற முடியாது என்பதைத் தெரிந்தே எடுக்க வேண்டும்.

தனி கார்டோடு புது டெஸ்க்டாப்

எடுத்துச் செல்ல வேண்டிய தேவை இல்லாத யாருக்கும் என் பரிந்துரை இதுதான். மொத்தத் தொகையில் நாற்பது, நாற்பத்தைந்து சதவீதம் கார்டுக்குப் போகட்டும். 1080பி திரைக்கு ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப், 8 ஜிபி இரண்டு ரேம், 8 ஜிபி மெமரிக்குக் குறையாத கார்டு. இன்னும் இறங்க வேண்டுமென்றால் நான்கு கோர் ஐ3-12100எஃப் வரை இறங்கலாம், கார்டில் இறங்க வேண்டாம்.

5600க்கும் 12400எஃப்க்கும் இடையில் விளையாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை, மதர்போர்டோடு சேர்த்து எது மலிவோ அதை எடுக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆர்எக்ஸ் 6600க்கு 8 லேன், அதனால் பி450, ஏ520 போர்டில் பிசிஐஇ 3.0 வேகத்தில் ஓடினாலும் இழப்பு சொற்பம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 லேன், 4 ஜிபி. அந்த போர்டுகளில் அது தடுமாறும். இன்டெல் ஆர்க் பி580இன் 12 ஜிபி மெமரி ஆசை காட்டும், ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக எட்ட உதவும் வசதி) இல்லாத பழைய மெஷினிலும் மெதுவான பிராசஸரோடும் அது முழுத் திறனைக் காட்டாது.

கார்டு வாங்குவதில் ஏமாறும் இடம் ஒரே பெயரில் வரும் இரண்டு பொருள்கள். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியில் மெமரி பாதை 192 பிட். அதே 3060 என்ற பெயரில் வரும் 8 ஜிபியில் 128 பிட், வேகமும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபிக்கும் 6 ஜிபிக்கும் கோர் எண்ணிக்கையே வேறு. ஆர்எக்ஸ் 580 என்று விற்கும் '2048எஸ்பி' கார்டு உண்மையில் 570இன் கோர் எண்ணிக்கையோடு வருவது. செகண்ட் ஹேண்ட் கார்டை ஜிபியு-இசட் மென்பொருளில் திறந்து சிப்பின் பெயரைப் பாருங்கள், பிறகு கால் மணி நேரம் முழு லோடில் ஓட விடுங்கள். பயாஸை மாற்றிப் பெயர் சூட்டிய போலிகளும், சூடேறியதும் திரையில் புள்ளி தெளிக்கும் கார்டுகளும் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும்.

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை இந்த மெஷினில் போடாதீர்கள். லேபிளில் 500 வாட் என்று இருக்கும், கார்டும் பிராசஸரும் குடிப்பதோ 12 வோல்ட் லைனிலிருந்து. அந்த லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள்: 40 ஆம்பியர் என்றால் 480 வாட், 25 என்றால் 300தான். விளையாட்டின் நடுவே எந்த எரரும் காட்டாமல் கம்ப்யூட்டர் பட்டென்று ரீஸ்டார்ட் ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். 80 ப்ளஸ் முத்திரை மின்சாரச் சிக்கனத்தை மட்டும் சொல்கிறது, பாதுகாப்பை அல்ல. தெரிந்த கம்பெனியின் 550 வாட் போதும்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்கள் வேறு. 5600இன் பெட்டியோடு கூலர் வரும், தனியாக வாங்க வேண்டாம். பெட்டியில்லாமல் விற்கும் ட்ரே ரகத்தில் அது வராது, எந்த ரகம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கலர் விளக்குகள், கண்ணாடிக் கதவு, அதிவேக எஸ்எஸ்டி எதுவும் எஃப்பிஎஸ் கூட்டாது. காற்று நுழைய முன்பக்கம் வலையாக இருக்கும் சாதாரண கேபினெட் நல்லது.

ஒரு முன்னெச்சரிக்கை: 'எஃப்' முடிவு கொண்ட இன்டெலிலும் 5600இலும் உள் கிராபிக்ஸ் இல்லை. பழைய ஸ்டாக் பி450 போர்டின் பயாஸ் 5600ஐ அடையாளம் காணாவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும். பிராசஸர் இல்லாமலே பயாஸை அப்டேட் செய்யும் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டை வாங்குங்கள், அல்லது கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

அசெம்பிள் முடிந்ததும் மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்ல, கார்டில் செருகியிருக்கிறதா பாருங்கள். பயாஸில் எக்ஸ்எம்பியும் ரீசைசபிள் பாரும் ஆன் ஆகியிருக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்கில் அந்த எண்ணைத் தேர்வு செய்யுங்கள். பல மானிட்டர்கள் முதல் இணைப்பில் 60இலேயே நின்றுவிடும்.