மார்த்தாவா, அபிகெயிலா: யாரிடமிருந்து தொடங்கலாம்?

அமெரிக்காவின் முதல் இரண்டு அதிபர்களின் மனைவியரில் யாரைப் பற்றி முதலில் படிக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் அபிகெயில் ஆடம்ஸ் என்பேன். மார்த்தா வாஷிங்டன் எந்த விதத்திலும் குறைந்தவர் அல்ல. ஆனால் தானும் கணவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை அவர் எரித்துவிட்டார். தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அபிகெயிலும் கணவர் ஜானும் எழுதிக்கொண்டவையோ 1,100க்கும் மேல் இன்றும் இருக்கின்றன.

புத்திர சோகம் இருவருக்கும் உண்டு. மார்த்தாவுக்கு அது கொடுமையான அளவில் வந்தது. முதல் கணவர் டேனியல் கஸ்டிஸ் 1757இல் இறப்பதற்குள்ளேயே இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார். 1759இல் ஜார்ஜ் வாஷிங்டனை மணந்த பிறகு, மகள் பாட்ஸி 17 வயதில் வலிப்பு நோய்க்குப் பலியானாள். மகன் ஜாக்கி 1781இல் அமெரிக்க விடுதலைப் போரின் யார்க்டவுன் முற்றுகைக்குப் போன இடத்தில், போர் முகாம்களில் பரவும் காய்ச்சல் கண்டு இறந்தான். பெற்ற நான்கில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஜாக்கியின் கடைசி இரண்டு குழந்தைகளை வளர்த்து ஆளாக்கினார். அபிகெயிலுக்கு மகன் ஜான் குவின்ஸி பிற்பாடு அதிபரானார். இன்னொரு மகன் சார்ல்ஸ் குடியால் 1800இல் இறந்தார். மகள் நேபிக்கு மார்பகப் புற்று. 1811இல், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், பெற்றோர் வீட்டில் வைத்து அறுவை நடந்தது. இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார்.

1776இல் இருவருமே பெரியம்மைத் தடுப்பு செய்துகொண்டார்கள். அம்மைக் கொப்புளத்துச் சீழை எடுத்து, கையைக் கீறி உள்ளே ஏற்றுவார்கள். கொஞ்சம் தவறினாலும் உயிருக்கு ஆபத்து. மார்த்தா பிலடெல்பியாவில் செய்துகொண்டார், போர் முகாம்களில் கணவரோடு தங்குவதற்குத் தடை நீங்கியது. அபிகெயில் நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாஸ்டனுக்குப் போனார், கணவர் பக்கத்தில் இல்லாமல். சார்ல்ஸுக்கு முதல் முறை அது பலிக்கவே இல்லை. அந்தக் கோடைக்காலக் கடிதங்களில் ஒரு தாயின் பயமும், புது நாடு பிறக்கும் பரபரப்பும் கலந்து கிடக்கின்றன.

சரி, அடிமை முறை? இங்கேதான் என் மனம் அபிகெயில் பக்கம் முழுதாகச் சாய்கிறது. அவர் அப்பா வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள், மறைப்பதற்கில்லை. ஆனாலும் 1797இல், வீட்டில் வேலை பார்த்த ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பையனை இரவுப் பள்ளியில் சேர்த்தார். மற்ற பையன்கள் ஆட்சேபிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றபோது, அவனும் சுதந்திரமானவன்தானே, முகம் கறுப்பு என்பதற்காகப் படிப்பை மறுப்பதா என்று வாதாடினார். அதற்கு முந்தைய வருடம்தான் மார்த்தாவின் அடிமைப் பணிப்பெண் ஓனா ஜட்ஜ், தன்னைப் பேத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்து, குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பிலடெல்பியா வீட்டைவிட்டு வெளியேறினார். வாஷிங்டன் தம்பதி ஆள்விட்டுத் தேடினார்கள். அவர் திரும்பவே இல்லை.

அபிகெயிலுக்கு 1776 கடிதங்களில் தொடங்குங்கள். அப்புறம் மார்த்தாவுக்கு வரும்போது, ஓனா முதுமையில் நியூ ஹாம்ப்ஷயரில் கொடுத்த இரண்டு பேட்டிகளையும் சேர்த்துப் படியுங்கள்.