கந்தளாய்க் குளத்தில் நானாவின் வள்ளம்: அரை நாள் தூண்டில் பயணம்

கந்தளாய்க் குளத்தில் தூண்டில் போட வள்ளம் கிடைக்குமா என்று போன கிழமை மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதை விட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

நான் போனது செப்டெம்பர் இரண்டாவது ஞாயிறு. புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மீன்சட்டி அடுப்பேறாது. அதனால் ஆவணிக்குள்ளேயே போய்வர வேண்டும் என்று மகனும் நானும் முடிவு செய்திருந்தோம். அவனுக்குப் பதின்மூன்று வயது. திருகோணமலையிலிருந்து கந்தளாய் ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். நாலேகாலுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தோம். தம்பலகாமச் சந்தி, முள்ளிப்பொத்தானை எல்லாம் இருட்டிலேயே கடந்து, ஐந்து இருபதுக்குக் குளக்கட்டில் நின்றோம். வள்ளக்கார நானா எங்களுக்கு முன்பே வந்து, வள்ளத்துக்குள் கிடந்த தண்ணீரை ஒரு பழைய பெயின்ற் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பேராற்றுப் பக்கத்து மீனவர். இரவு வலை போட்டு விடியுமுன் எடுத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்றவர்களை ஏற்றுவது. இரண்டு பேருக்கு, ஐந்தரையிலிருந்து பத்து மணி வரை, ஐயாயிரம் ரூபாய். தொலைபேசியில் சொன்ன தொகையைத்தான் கையிலும் வாங்கினார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு குளத்தில் ஒருவர் மூவாயிரம் என்று சொல்லி ஏற்றிவிட்டு, கரைக்கு வந்ததும் ஆளுக்கு மூவாயிரம் என்றார். பிள்ளையை வைத்துக்கொண்டு கரையில் நின்று வாக்குவாதப்பட வேண்டியதாயிற்று. இங்கே அப்படி எதுவும் இல்லை.

வள்ளம் பக்க மிதவை கட்டிய சின்ன பைபர் வள்ளம். எஞ்சின் கிடையாது, துடுப்புத்தான். முதலில் எனக்கு அது குறையாகப் பட்டது. அரை மணி நேரத்தில் எண்ணம் மாறிவிட்டது, ஏனென்றால் இந்தப் பயணமே சத்தத்தைக் கேட்பதில்தான் இருக்கிறது.

நான் கடலில் தூண்டில் போட்டுப் பழகியவன். சின்ன வயதில் அப்பாவோடு உட்துறைமுகப் பக்கம், பிறகு தனியாக டச்பேயில். பாரைக்கும் விளைமீனுக்கும் போடுகிற பழக்கத்தில் கனமான ஈயமும் தடித்த தங்கூசி நூலும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். நானா என் தூண்டிலைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஈயத்தக் கழட்டுங்க தம்பி. கடல் வேற, குளம் வேற. இத போட்டா விரால் ஒரு மைல் ஓடும்" என்றார். ஈயத்தைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் அவரே போட்டுவிட்டு, கொழுக்கி மேலே மடங்கியிருக்கிற ஒரு ரப்பர்த் தவளையைக் கட்டித் தந்தார். முடிச்சை இறுக்குமுன் தங்கூசியில் எச்சில் தொட்டுக்கொண்டார். காய்ந்தபடி இறுக்கினால் சூடேறி அந்த இடத்திலேயே அறும் என்றார். முப்பது வருடமாக முடிச்சுப் போடுகிறேன். முடிச்சடியில் எத்தனையோ தடவை அறுந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

செப்டெம்பரில் குளம் இறங்கிக் கிடக்கும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் போய்விட்டது, மாரி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அலைகரைப் பக்கம் தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அந்தச் சேற்றில் வட்ட வட்டமாக, சாப்பாட்டுத் தட்டுகளைக் கவிழ்த்து அழுத்தி எடுத்த மாதிரிக் குழிகள். நூறுக்குக் குறையாது. மாட்டுக் குளம்புத் தடமா என்று மகன் கேட்டான். நானா வள்ளத்தை நிறுத்திக் காட்டினார். எல்லாம் திலாப்பியாவின் கூடு. ஆண்மீன் சேற்றைத் தோண்டித் துப்பரவாக்கி வைக்கும், பெண்மீன் அதில் முட்டை இட்டு, உடனே வாய்க்குள் எடுத்துக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரிப்பது தாயின் வாய்க்குள்ளேதான். எங்கள் பக்கத்தில் யப்பான் மீன் என்று சிலர் சொல்கிற இந்த மீன் 1952இல்தான் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றைக்குக் குளத்து மீன் என்றாலே இதுதான் என்று ஆகிவிட்டது. தண்ணீர் நிறைந்திருக்கும் மாதத்தில் போனால் இந்தக் குழிகளைக் கண்ணாலும் காண மாட்டீர்கள்.

சரி, விராலுக்கு வருகிறேன்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போக வேண்டும். நானா தேடுவது அந்த இடத்தைத்தான். பட்டமரங்கள் நிற்கும் ஒரு மூலையில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, நாங்களும் அசையக்கூடாது என்று கையைக் காட்டினார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நீர்க்காகம் ஒன்று கிளையில் இறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சத்தம். ஈரமான உதட்டைப் பிரிக்கிற மாதிரி, அவ்வளவு சின்னது. தண்ணீரில் ஒரு வளையம் விரிந்து மறைந்தது. "மூச்செடுக்குது" என்றார் மெதுவாக. வளையத்துக்கு நேரே போடாமல், அது தலை திருப்பிய பக்கம் இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடியளவு, தள்ளிப் போடச் சொன்னார். எந்தப் பக்கம் திருப்பியது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், வளையம் ஒரு புறம் கொஞ்சம் நீண்டிருக்குமாம். நான் பார்த்தேன், எனக்கு வட்டமாகத்தான் தெரிந்தது. மூன்றாவது நாலாவது தடவையில்தான் அந்த நீட்டம் கண்ணுக்குப் பிடிபட்டது.

முதல் இரண்டு விராலையும் நான் விட்டுவிட்டேன். கடலில் மீன் இழுத்த கையோடு தடியைச் சுண்டி இழுத்துப் பழகிய கை. விரால் தவளையைக் கவ்வியதும் விழுங்காது, கீழே கொண்டுபோய்த் திருப்பித்தான் விழுங்கும். அதுவரைக்கும் கயிற்றைத் தளர்த்திக் கொடுத்து மூன்று எண்ண வேண்டும். தண்ணீர் வெடித்து மேலே வரும்போது மூன்று எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே போனால் தெரியும். மகனுக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லாததால் சொன்னதைச் சொன்னபடி செய்தான். வாய்விட்டு எண்ணினான். மூன்று என்று சொல்லி இழுத்தபோது தடி வளைந்தது வளைந்தபடி நின்றது. ஒன்றரைக் கிலோ இருக்கும். பாம்புத் தலை, முதுகு கறுப்பு, வயிறு வெளிறின மஞ்சள். வள்ளத்துக்குள் விழுந்ததும் அவன் என்னைப் பார்க்கவில்லை, நானாவைத்தான் பார்த்தான். "சரியான வேல மகன்" என்றார் அவர்.

இன்னொரு இடத்தில் தண்ணீர்ப் பரப்பில் செம்மஞ்சளாக ஒரு கூட்டம் கொதித்துக்கொண்டு நகர்ந்தது. விரால் குஞ்சுகள். அதற்கு அடியில் தாயும் தகப்பனும் கட்டாயம் இருக்கும். குஞ்சுக்கு மேலே எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும், அதனால் அதைப் பிடிப்பது மிக இலகு. நான் தடியைத் தூக்கிவிட்டேன். நானா துடுப்பை நீட்டித் தடுத்தார். "அதுக்குப் பிள்ள இருக்கு. விடுங்க." குரல் உயரவில்லை, ஆனால் அதற்கு மேல் பேச்சுக்கு இடமும் இல்லை. வள்ளத்தை அகலத் திருப்பிக்கொண்டு போனார். காசு கொடுத்து வந்தவனிடம் இதைச் சொல்வதற்கு ஒரு மனது வேண்டும். பின்னால் சுருட்டி வைத்திருந்த அவருடைய வலையையும் பார்த்தேன். கண்ணுக்குள் என் நாலு விரல் தாராளமாகப் போனது. 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண் உள்ள வலை குளங்களில் தடை. ஆனாலும் போடுகிறவர்கள் போடுகிறார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார்.

திரும்பும் வழியில் அணைக்கட்டைப் பார்த்தபடி வந்தோம். எங்கள் பக்கத்தில் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டிய குளம் என்போம். சிங்கள வரலாற்று நூல்கள் ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கிரபோதி மன்னன் என்கின்றன. நானாவுக்கு அந்த அணையில் ஞாபகம் இருப்பது 1986 ஏப்ரல் 20. அதிகாலை இருட்டில் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்த நாள். அப்போது அவருக்குப் பதினாலு வயது. வாப்பாவின் தோளில் ஏறி நின்றதை மட்டும் சொன்னார். நான் மேலே கேட்கவில்லை.

ஒன்பதரைக்கெல்லாம் கச்சான் காற்று எழும்பிவிட்டது. குளத்து அலை கடலலை போல் நீண்டு வராது, குட்டையாக அடுத்தடுத்து மோதும். சின்ன வள்ளத்துக்கு அது நல்லதல்ல. பத்து மணி என்று பேசியிருந்தாலும் ஒன்பதே முக்காலுக்குக் கரைக்குத் திருப்பிவிட்டார். அந்தக் கால்மணி நேரத்துக்கு நான் கணக்குப் பார்க்க மாட்டேன்.

சொல்லி வைத்தால் அவர் வீட்டிலேயே சமைத்துத் தருவார்கள், ஆளுக்கு எழுநூறு ரூபாய். அந்த வீட்டு ராத்தா விராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வழுவழுப்புப் போகும்வரை மூன்று தண்ணீரில் கழுவியதை மகன் பக்கத்தில் இருந்து பார்த்தான். கொறுக்காய் போட்ட மீன் ஆணம், சோறு, ஒல்லி என்கிற ஆம்பல் தண்டுச் சுண்டல். சேற்று மணம் துளிகூட இல்லை. குளத்து மீனைத் தொடாத என் மகன் இரண்டாவது தடவை சோறு கேட்டான். அப்புறம் சட்டித் தயிரும் பாணியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். லைஃப் ஜக்கெட் இரண்டுதான் இருக்கிறது. அதில் ஒன்றின் கொளுவி உடைந்து, கயிற்றால் கட்டியிருந்தது. நல்லதை மகனுக்குப் போட்டேன். குளத்தில் முதலை உண்டு, கையைத் தண்ணீரில் விடக்கூடாது, பிடித்த மீனை வள்ளத்துக்கு வெளியே கட்டித் தொங்கவிடவும் கூடாது என்று அவரே எச்சரிக்கிறார். அப்படியிருக்கும்போது இந்த ஒரு விஷயத்தில் கவனக்குறைவு கூடாது. அவரிடம் நேரடியாகவே சொன்னேன். தலையாட்டினார். அவர் வாங்கும்வரை உங்களுடையதைக் கொண்டுபோங்கள். குளக்கட்டில் கழிப்பறை கிடையாது, பெண்களோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் வள்ளம் விடுவதில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் தொலைபேசியும் எடுக்க மாட்டார், விடியற்காலையில் வலை இருக்கிறது.

நிறைய மீன் வேண்டும் என்று போகிறவர்களுக்கு இது சரிவராது. எங்களுக்குக் கிடைத்தது இரண்டு விரால், கரையோரம் மண்புழு போட்டுப் பிடித்த ஏழு திலாப்பியா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும், என்னைப் போலக் கடலிலிருந்து குளத்துக்கு வருகிறவர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மழை தொடங்கித் தண்ணீர் கலங்குமுன் போங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம், வள்ளத்தில் நிழல் இல்லை. ஈயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நவராத்திரி முடிந்ததும் வரும் ஞாயிறுக்கு நாங்கள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம். இந்த முறை மகனுக்கு ஒரு புது ஜக்கெட் வாங்கியாயிற்று, செம்மஞ்சள் நிறம்.