ஆட்டோகேட் கற்க எது சரி: கையேடா, வீடியோவா, பயிற்சி மையமா?

கோவையில் பம்பு, மோட்டார், கிரைண்டர், வார்ப்படம் என்று எந்தப் பக்கம் வேலைக்குப் போனாலும், கணினியில் இயந்திர வரைபடம் போடும் மென்பொருள்களான ஆட்டோகேடோ சாலிட்வொர்க்ஸோ தெரியுமா என்று கேட்கிறார்கள். பாலிடெக்னிக் முடித்து வரும் பிள்ளைகளுக்கு அப்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. காந்திபுரம் பக்கம் ஒரு மையத்தில் பணம் கட்டிச் சேர்வதா, யூடியூபைப் பார்த்துக்கொள்வதா, பயிற்சிக் கையேடு ஒன்றை வாங்கி வீட்டிலேயே உட்கார்ந்து பழகுவதா? ஒரு டிசைன் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களோடு தினமும் வேலை பார்க்கிறேன். கையேட்டோடு மல்லுக்கட்டி வந்தவர்கள்தான் வெற்றுத் திரையைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

வீடியோவைக் குறைத்துச் சொல்லவில்லை. மவுஸ் எங்கே போகிறது, எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்பதைப் புத்தகம் அரைப் பக்கம் விளக்கினாலும் புரியாத இடங்கள் உண்டு. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் வளைந்த இதழை லாஃப்ட் செய்வது, அதாவது பல குறுக்குவெட்டு வடிவங்களை இணைத்து உருவாக்குவது, அப்படிப்பட்ட வேலை. ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும். தமிழிலேயே சொல்லித்தரும் வீடியோக்கள் இருப்பதால் முதல் நாள் பயமும் போய்விடும். சிக்கல் அதற்கப்புறம்தான். வீடியோவில் சொல்லித்தருபவர் 80 மி.மீ. கோடு போட்டால் நாமும் 80 போடுகிறோம், அவர் மூலையை வளைக்க ஃபில்லட் செய்தால் நாமும் செய்கிறோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பலமுறை போன ஊருக்கு நாமே வண்டியை எடுத்துக்கொண்டு போனால், எந்த முக்கில் திரும்புவது என்று தெரியாமல் நிற்போமே, அதேதான். கை பழகியிருக்கும், எங்கே ஆரம்பிப்பது என்ற முடிவை ஒருமுறைகூட நாம் எடுத்திருக்க மாட்டோம்.

நல்ல கையேட்டில் ஒவ்வொரு பயிற்சியின் தலைப்பிலும் முடிந்த வரைபடம் அளவுகளோடு இருக்கும். அதற்குக் கீழேதான் படிகள். அந்தப் படிகளை ஒரு தாளால் மூடிவிட்டு, மேலே உள்ள படத்தை மட்டும் வைத்து வரைந்து பாருங்கள். மையக்கோட்டில் தொடங்குவதா, வெளிவட்டத்தில் தொடங்குவதா? ரிவால்வ் செய்தால் (அச்சைச் சுற்றிச் சுழற்றினால்) ஒரே ஸ்கெட்ச்சில் முடியுமா, எக்ஸ்ட்ரூட் (நேராக நீட்டி இழுப்பது) என்றால் எத்தனை தேவை? திக்குமுக்காடிய பிறகு தாளை எடுத்துப் பார்த்தால், நூலாசிரியர் ஏன் அந்த வரிசையில் போனார் என்பது அப்போதுதான் உறைக்கும். வீடியோவில் இது நடக்காது. பாஸ் செய்வதற்குள் விடை திரையில் வந்துவிடும்.

ஆனால் எந்தக் கையேடு என்பதில் கவனம் வேண்டும். ஆட்டோகேட் 1982-ல் வந்தது. கோட்டுக்கு எல், வட்டத்துக்கு சி, வெட்டுவதற்கு டிஆர் என்று தட்டச்சு செய்யும் சுருக்கங்கள் இன்றைக்கும் வேலை செய்கின்றன. ஆகவே கட்டளைகளை நம்பி எழுதிய பழைய புத்தகம் கிடைத்தாலும் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். ஐகான் படத்தைக் காட்டி ‘இதை அழுத்தவும்’ என்று போகும் புத்தகம் சீக்கிரம் பழசாகிவிடும். ஆட்டோகேடின் 2015 பதிப்பில் பழைய கிளாசிக் முகப்பையே எடுத்துவிட்டார்கள். இலவச மென்பொருளான ஃப்ரீகேட் பழகுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில், பாகத்தின் ஒரு முகத்தின் மேல் ஸ்கெட்ச் போட்டுவிட்டு, முந்தைய படிக்குப் போய் அளவை மாற்றினால் அந்த முகத்தின் எண் மாறி மாடலே உடையும். அந்தத் தொல்லை 1.0-ல் வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய கையேடுகள் அதைத் தவிர்க்கச் சொல்லித்தரும் சுற்றுவழிகளை இப்போது மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இன்னொன்று. அமெரிக்கக் கையேடுகள் பல அங்குலத்தில் இருக்கும். அவற்றின் படங்கள் மூன்றாம் கோண முறையில் இருக்கும், அதாவது வலப்பக்கத் தோற்றம் முன்தோற்றத்துக்கு வலதுபுறமே இருக்கும். நம் நாட்டில் முதல் கோண முறை, அதில் வலப்பக்கத் தோற்றம் இடதுபுறம் வரும். இரண்டையும் கலந்துவிட்டால் பக்கவாட்டுத் தோற்றம் இடவலம் மாறிப்போய், வலக்கைப் பாகம் வேண்டிய இடத்தில் இடக்கைப் பாகத்துக்குப் பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மாதிரி) செய்துவிடுவார்கள். ஆட்டோகேடில் புதுக் கோப்பு திறக்கும்போது மெட்ரிக் டெம்ப்ளேட்டையே தேர்ந்தெடுங்கள். தாளின் மூலையில் இருக்கும் கோணக் குறியீட்டைப் பார்க்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரட்டும்.

பயிற்சி மையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர், நேரம் குறித்துப் போனால்தான் படிப்பவர், வேலைக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்பவர் சேரலாம். சேருவதற்கு முன் அங்கே பயிற்சி வரைபடங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மெனுவில் இருக்கிற கட்டளைகளை வரிசையாக ஒப்பித்துவிட்டு, முழுசாக ஒரு பாகத்தைக்கூட வரைய வைக்காத இடம் என்றால் அந்தப் பணத்தில் ஒரு மானிட்டர் வாங்கிவிடலாம். ஆட்டோகேடைப் பொறுத்தவரை, மாணவர் என்று நிரூபித்தால் கல்வி உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்பதும் இதில் அடங்கும். கரூர், நாமக்கல் பக்கம் பஸ், லாரி பாடி கட்டும் பட்டறைக்கோ, தகடு வெட்டும் லேசர் கட்டிங் கடைக்கோ போகிறவர் 2டி கையேட்டை ஆழமாகப் படித்தால் போதும். வெட்டும் இயந்திரத்துக்குப் போகும் டிஎக்ஸ்எஃப் கோப்பைச் சுத்தமாகக் கொடுக்கத் தெரிய வேண்டும். கோவையின் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று பம்பும் வார்ப்படமும் சார்ந்த இடம் என்றால் 3டி வேண்டும்.

அங்கேதான் கையேடும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பம்பு ஃபிளேஞ்ச் (குழாயோடு போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டு) வரையும் பயிற்சியில் ‘பிசிடி 110, ஓட்டை 12, எண்ணிக்கை 4’ என்று அச்சிட்டே கொடுத்திருப்பார்கள். பிசிடி என்பது ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம். அந்த வட்டத்தில் ஓட்டைகளைச் சம இடைவெளியில் அடுக்கும் போலார் அர்ரே போட்டால் முடிந்தது. பட்டறையில் “தம்பி, இதப் பாத்து ஒரு டிராயிங் போட்டுக் குடுங்க” என்று எண்ணெய் பிசுபிசுக்கும் ஃபிளேஞ்சையே மேசையில் வைப்பார்கள். ஓட்டை மையத்தை வெர்னியர் அளவுகோலால் தொட முடியாது. எதிரெதிர் ஓட்டைகளின் உள்விளிம்புக்கு உள்விளிம்பு அளந்து, 98 வந்தால், ஓட்டை விட்டம் 12-ஐக் கூட்டினால் 110. மூன்றே ஓட்டை என்றால் எதிர் ஓட்டை கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளை இதே மாதிரி அளந்து கூட்டினால் மையத்துக்கு மையம் 95.3 வரும், அதை 0.866-ஆல் (சைன் 60 டிகிரி) வகுத்தால் அதே 110 கிடைக்கும். இதைக் கட்டளை சொல்லித்தரும் புத்தகத்தில் தேடினால் கிடைப்பது அரிது. வீடியோக்காரரும் கையில் வெர்னியர் எடுப்பதில்லை.

அதனால் கையேட்டில் பாதி தாண்டியதும் தெரிந்த பட்டறையிலிருந்து ஒரு பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வாருங்கள். அதை அளந்து வரைந்து, பேட்டர்ன் செய்கிறவரிடமே காட்டுங்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும், 300 மி.மீ. வேண்டுமானால் பேட்டர்ன் 303 இருக்க வேண்டும், கடையும் முகத்துக்குத் தனியாக இரண்டு மூன்று மி.மீ. விட வேண்டும் என்பதையெல்லாம் அவர் உங்கள் படத்தின் மேலேயே பென்சிலால் குறித்துக் கொடுத்துவிடுவார்.