பின்பக்கம் இறக்கிய மாடல் ஏ: ஏழு வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 1931 ஃபோர்டு மாடல் ஏ கூப். தென் கலிபோர்னியாவில் ஒரு பெரியவர் ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய காராக, மாற்றி ஓட்டிக்கொண்டிருந்த வண்டி. மட்கார்டு கிடையாது, முன்னால் சின்ன டயர் (5.00-16), பின்னால் பெரியது (7.50-16). வண்டி தரைக்கு நெருங்கி நிற்க முன் அச்சை அவரே இறக்கியிருந்தார். பின்பக்கம் மட்டும் வாலைத் தூக்கிய கோழி மாதிரி நின்றது.

மாடல் ஏ-வில் பின் அச்சுக்கு ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங்தான், இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. நம்ம ஊர் லாரி போல பக்கத்துக்கு ஒன்றாக நீளவாக்கில் இருக்காது. அச்சுக்கு மேலே குறுக்காக, வில் மாதிரி வளைந்து கிடக்கும். நடுப்பகுதி யூ போல்ட்டால் சட்டத்தோடு பிணைந்திருக்கும், இரண்டு முனையும் ஷாக்கிள் என்ற ஆடும் சின்ன இணைப்பு வழியாக அச்சில் மாட்டியிருக்கும்.

முதலில் மூன்று பட்டைகளை உருவினேன். செலவே இல்லை, இரண்டு அங்குலம் இறங்கியது, பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். இப்போது யார் கேட்டாலும் அதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

பட்டை குறைந்தால் உயரத்தோடு பலமும் போகிறது. டிக்கி சீட்டில் (பின்னால் டிக்கியைத் திறந்தால் வரும் இருக்கை) மகளும் அவள் தோழியும் உட்கார்ந்தால் சின்ன பள்ளத்துக்கே 'டங்' என்று இடிக்கும். ஒருநாள் கீழே படுத்துப் பார்த்தேன். அச்சின் நடுவே உள்ள பாஞ்சோ ஹவுசிங்கின் (பின் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரங்கள் உள்ள உருண்டைக் கூடு) உச்சியில் பெயிண்ட் போய், காசு அகலத்துக்கு இரும்பு பளபளத்தது. யூ போல்ட்டின் அடித்தட்டு அங்கேதான் வந்து மோதிக்கொண்டிருந்தது.

இன்னொரு சிக்கல் மெதுவாகத்தான் புரிந்தது. வில் நிமிர்ந்தால் முனைகள் வெளியே தள்ளும். ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து இழுத்துப் பிடிக்க வேண்டிய ஷாக்கிள்கள் செங்குத்தாகிவிடும். அப்புறம் வண்டி பக்கவாட்டில் ஆடும். எல் மிராஜ் வறண்ட ஏரியில் நடக்கும் வேகப் பந்தயத்தைப் பார்க்கப் போன வழியில் பாலைக்காற்று குறுக்கே அடித்தது. அன்றைக்குப் பயந்துவிட்டேன்.

சரி என்று முழு ஸ்பிரிங்கையும் மாற்றினேன். இப்போது இருப்பது கண் திருப்பிய மெயின் பட்டை; கண் என்பது பட்டையின் முனையில் ஷாக்கிள் மாட்டும் சுருள் வளையம். கம்பெனி ஸ்பிரிங்கில் முனைக்கண் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும், இதில் மேல்நோக்கி. கண்ணின் கனம் அளவுக்கு, என் வண்டியில் ஒன்றேகால் அங்குலம் இறங்கியது. பட்டைகள் குறையாததால் பலமும் குறையவில்லை. கூடவே அச்சு பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் ஒரு பான்ஹார்ட் கம்பியும், குட்டையான ஷாக் அப்சார்பர்களும் போட்டேன். பழைய நீளத்து ஷாக்குகள் இறக்கிய வண்டியில் பாதி அமுங்கியே நிற்கும்; அவற்றை விட்டுவைக்காதீர்கள்.

கழற்றும்போது மிகுந்த கவனம் வேண்டும். அந்த ஸ்பிரிங் காரில் சும்மா இருக்கும்போதே விறைப்பாக இழுபட்டு நிற்கிறது. விரிக்கும் கருவி இல்லாமல் ஷாக்கிளைத் தொடக் கூடாது. பட்டைகளை ஒன்றாகப் பிடித்திருக்கும் சென்டர் போல்ட்டை எடுக்கும் முன் இரண்டு பக்கமும் கனமான கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பட்டைகள் எகிறும் திசையில் முகத்தைக் கொண்டுபோகவே வேண்டாம்.

இறக்கத்தில் முக்கால் அங்குலம் விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. மூக்கு தாழ்ந்து பின்பக்கம் லேசாக உயர்ந்து நிற்கும் அந்தச் சாய்வு திரும்பி வந்துவிட்டது; ஹாட் ராடுக்கு அதுதான் முகம்.

ஸ்பிரிங்கை மாற்றி ஐந்து வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஷாக்கிளுக்கு கிரீஸ் அடிக்கிறேன், யூ போல்ட்டை இறுக்கிப் பார்க்கிறேன். போன மாதமும் கீழே படுத்துப் பார்த்தேன். ஹவுசிங் உச்சியில் அன்று பூசிய கறுப்பு பெயிண்ட் கீறல் இல்லாமல் அப்படியே இருக்கிறது.