டொம்கெட்: வருசக்கணக்கா பாவிச்ச பிறகு ஒரு புலம்பல்

பழைய ஒபிஸ் பெடியன் ஒருத்தன் போன கிழமை கேட்டான், "அண்ண, நீங்க கனகாலமா டொம்கெட் தானே பாவிக்கிறீங்க, புது ப்ரொஜெக்டுக்கு போடலாமோ" எண்டு. டொம்கெட் எண்டா ஜாவாவில எழுதின வெப்சைட்டுகளை ஓட்டுற சேர்வர் சொஃப்ட்வெயர். வட்ஸ்அப்பில சுருக்கமா சொல்ல ஏலாத கதை, அதான் இங்க எழுதிறன்.

நல்லது எண்டா, தானா விழுந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. அவ்வளவுதான், அதுக்கு மேல புகழ இண்டைக்கு மனசில்ல.

எனக்கு விசர் வாறது ஒரு விசயத்தில. விழாது, ஆனா வாயை மூடிக்கொண்டு நிக்கும். சம்பளம் விழுற 25ஆம் திகதி பின்னேரம் சைட் சுத்திக்கொண்டே நிக்குது, சிபியு சும்மா கிடக்கு, போர்ட் திறந்திருக்கு, கனெக்‌ஷனும் எடுக்குது, பதில் மட்டும் இல்ல. அக்சஸ் லொக்கில (வந்த ரிக்வெஸ்டுகளின்ட பதிவேடு) ஒரு வரி இல்ல, ஏன் எண்டா ரிக்வெஸ்ட் முடிஞ்சாத்தான் அதில வரி விழும், முடியாததுக்கு எங்கால வரி. டிபோல்டா 200 திரெட் (ஒவ்வொண்டும் ஒரு ரிக்வெஸ்டை கவனிக்கிற வேலையாள் மாதிரி), அந்த 200உம் மாட்டுப்பட்டு நிக்குது. வெள்ளவத்தை சைவக்கடையில வெயிற்றர்மார் எல்லாரும் ஒரு தோசைக்காக குசினி வாசல்ல நிண்டா எப்பிடி, வாசல்ல 'திறந்திருக்கு' எண்ட பலகை மட்டும் தொங்கும், அது மாதிரி.

எல்லாரும் உடன ரீஸ்டார்ட் அடிப்பினம். அடிக்காதேங்கோ, தடயம் எல்லாம் போயிடும். முதல்ல ஜாவாவோட வாற ஜேஸ்டாக் எண்ட கருவியால திரெட் டம்ப் (ஒவ்வொரு திரெட்டும் இப்ப எங்க நிக்குது எண்ட பட்டியல்) எடுங்கோ, பத்து செக்கன் விட்டு விட்டு மூண்டு தரம், மூண்டிலயும் அதே திரெட் அதே வரியில நிண்டா அதுதான் சங்கதி. சேர்வர் எந்த யூசரில ஓடுதோ அதே யூசரில எடுக்கோணும், இல்லாட்டி பெரும்பாலும் ஒண்டும் வராது. உண்மையா சொல்லப்போனா இந்த டம்ப் ஒரு அற்புதம், எந்த ஃபைல் எந்த வரி எண்டு காட்டிக் குடுத்திடும்.

ஆனா வாசிக்கத் தெரியோணும். எங்கட டம்பில அநேகமா எல்லாம் பிளொக்ட், ஒரே பூட்டுக்கு (ஒரு நேரத்தில ஒரு திரெட் மட்டும்தான் பிடிக்கலாம்) வெயிட்டிங். அதுகள் அப்பாவியள். அந்தப் பூட்டை பிடிச்சு வச்சிருக்கிறது யார் எண்டு அதே அட்ரஸை தேடிப்போனா, அங்க ஒரு திரெட் 'ரன்னபிள்' (ஓடிக்கொண்டிருக்கு) எண்டு போட்டுக்கொண்டு நல்லபிள்ளை மாதிரி நிக்குது! சொக்கெட்டில (நெட்வேர்க் தொடர்பில) பதிலுக்கு காத்துக்கொண்டிருக்கிற திரெட்டையும் ஜாவா ரன்னபிள் எண்டுதான் காட்டும், கள்ளனே அவன்தான். ஓடிபி எஸ்எம்எஸ் அனுப்புற வெளிக் கம்பனி ஒண்டு குடுத்த லைப்ரரி, டோக்கன் எடுக்கிற மெதட்டை சிங்க்ரனைஸ்ட் ஆக்கி (அதாவது அந்தப் பூட்டைப் போட்டு), உள்ளுக்க டைம்அவுட் (காத்திருக்கிற நேர எல்லை) இல்லாம கோல் பண்ணுது. வெளி சேர்வரைக் கூப்பிடுற ஜாவாவின்ட பழைய எச்டிடிபி யுஆர்எல் கனெக்‌ஷனில ரீட் டைம்அவுட் டிபோல்ட் 0, 0 எண்டா முடிவே இல்லாம காத்திருக்கலாம். அவையின்ட சேர்வர் தூங்கினா எங்கட சைட் செத்துது.

திரெட்டை 500 ஆக்கு எண்டு ஒருத்தர் சொன்னார், ஆக்கினா கொஞ்சம் பிந்தி உறையும். இன்னொருத்தர் ஜாவா 21 வேர்ச்சுவல் திரெட் (கொஞ்ச நிஜத் திரெட்டுக்கு மேல கனக்க ஓடுற மெல்லிசு திரெட்) எண்டார். சிங்க்ரனைஸ்டுக்குள்ள மாட்டினா அதுவும் கீழ இருக்கிற திரெட்டை இழுத்துப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கும், அந்தப் பிரச்சினை 2025இல ஜாவா 24இலதான் தீர்ந்தது, அப்பவும் டைம்அவுட் போடாட்டி அந்த ரிக்வெஸ்டுகளுக்கு பதில் வராது. கனெக்ட் டைம்அவுட், ரீட் டைம்அவுட் ரெண்டும் போட்ட பிறகுதான் எங்களுக்கு நித்திரை வந்தது.

இதில கோபம் என்னெண்டா, திரெட் கனநேரம் நிண்டா லொக்கில கத்துறதுக்கு டொம்கெட்டிலயே ஸ்டக் திரெட் டிடெக்‌ஷன் வால்வ் எண்டு ஒண்டு இருக்கு. டிபோல்டா போட்டிராது, நாங்கதான் போடோணும், போட்டாலும் 600 செக்கன் போனாத்தான் வாய் திறக்கும். பத்து நிமிசம்! அதுக்குள்ள பொஸ் மூண்டு கோல் எடுத்திடுவார். 30 ஆக்கி வச்சிருக்கிறன்.

இண்டைய மூடுக்கு 5க்கு 2தான் தருவன். அண்டர்டோ எண்ட இன்னொரு ஜாவா சேர்வருக்கு மாறினாலும் வேர்க்கர் திரெட் இப்பிடித்தான் நிரம்பும், அதால அடுத்த மாசம் தொடங்கிற வேலைக்கும் டொம்கெட்தான் போட்டிருக்கிறன், வால்வோட.