முன் ஃபோர்க் தொளதொளவென்று இருக்கிறதா? ஆயில், ஸ்பேசர், ஸ்பிரிங், எமுலேட்டர்: எது எதற்கு

பழைய பைக்கில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புற இறங்குகிறது, சின்னப் பள்ளத்துக்கே ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும், உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் உள்ள இரட்டைக் குழாய்) 'டங்'கென்று அடி வாங்குகிறது என்று சொன்னால், "கெட்டி ஆயில் ஊத்திப் பாருங்க" என்பதுதான் முதலில் வரும் யோசனை. செலவு குறைவு, அதனால் மவுசு அதிகம். ஆனால் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான். ஃபோர்க் எவ்வளவு தூரம் இறங்கும் என்பது ஸ்பிரிங்கின் கையில், எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது ஆயிலின் கையில். நிற்கிற பைக்கில் ஏறி உட்காருங்கள். உள்ளே 5 எண் ஆயில் இருந்தாலும் 20 எண் ஆயில் இருந்தாலும் (எண் கூடினால் ஆயில் கெட்டி) ஃபோர்க் கடைசியில் வந்து நிற்கும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதனால் முதலில் அளந்துவிடுங்கள். முன் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, வெளியே தெரியும் குழாயின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வழக்கமாக ஓட்டும் உடையோடு உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் 'சேக்'. சாலையில் ஓட்டும் பைக்குக்கு 30 முதல் 40 மி.மீ. வரை பரவாயில்லை. 55, 60 என்று வந்தால் ஆயிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆயிலைப் புதுப்பிப்பது வேறு, கெட்டியாக்குவது வேறு. பல வருடம் மாற்றாத ஆயில் சாம்பல் நிறத்தில், உலோகத் துகளோடு, நாற்றமடித்துக்கொண்டு வெளியே வரும். மேனுவலில் சொன்ன அதே தரத்தில் புதிதாக ஊற்றினாலே சில பைக்குகள் திருந்திவிடும். கெட்டி ஆயிலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. பழைய டேம்பர் ராடு ஃபோர்க்கில் ஆயில், உள்ளே இருக்கும் டேம்பர் ராடு என்ற தண்டின் சில ஓட்டைகள் வழியாகத்தான் போய்வர வேண்டும். ஃபோர்க் நகரும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே மெதுவாக நடக்கும் பிரேக் இறக்கத்தைக் கெட்டி ஆயில் கொஞ்சம்தான் தாமதப்படுத்தும்; கூரான மேட்டில் ஏறினால் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். ஒரு படி, அதாவது 10இலிருந்து 15, போய்ப் பார்ப்பதில் தப்பில்லை. ஒரு கம்பெனியின் 10, இன்னொன்றின் 10 ஆக இருக்காது. 40 டிகிரி செல்சியஸில் சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) எவ்வளவு என்பதை வைத்து ஒப்பிடுங்கள்.

ஆயில் மட்டத்தைக் கூட்டுவது அடி வாங்குவதற்கு மட்டும் மருந்து. மேலே காற்றுக்கு இடம் குறைவதால் பயணத்தின் கடைசிப் பகுதி விறைக்கும். 10 மி.மீ. கூட்டிப் பாருங்கள்; அளவு மீறினால் சீல் போய்விடும்.

ஸ்பேசர் என்பது ஸ்பிரிங்குக்கும் ஃபோர்க் மூடிக்கும் நடுவே வைப்பது; பெரும்பாலும் ஒரு துண்டு பிவிசி குழாய், ஒரு வாஷர். இது ஸ்பிரிங்கை விறைப்பாக்குவதில்லை, முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்துகிறது, அவ்வளவுதான். 20 மி.மீ. நீளமாகப் போட்டால் சேக் ஏறத்தாழ 20 மி.மீ. குறையும். சேக் கொஞ்சம்தான் அதிகம் என்றால் நான் இதோடு நிறுத்திக்கொள்வேன். அதிகமாகத் திணித்தால் ஃபோர்க் முழுதாக நீளும்போது 'டொக்'கென்று முட்டும். மூடியைத் திறக்கும்போது கவனம்: சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, குழாயைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப்பின் போல்ட்டைத் தளர்த்திவிட்டுத்தான் மூடியில் கை வைக்க வேண்டும். கடைசி மரையில் அது எகிறும்.

சேக் மிக அதிகம் என்றால் புது ஸ்பிரிங்தான் வழி. பழையதை வெளியே எடுத்து நீளத்தை அளந்து, மேனுவலில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். புதிதாக வாங்கும்போது, உங்கள் எடைக்கேற்ற ஒரே சீரான ஸ்பிரிங்குக்கே என் ஓட்டு. சுருள் நெருங்கி அகலும் புரோகிரஸிவ் வகை முதலில் மிருதுவாக இறங்கிவிட்டு அப்புறம்தான் விறைக்கும்; நாம் குறைக்க நினைத்த பிரேக் இறக்கம் அந்த முதல் பகுதியிலேயே இருக்கிறது. ஒருநாள் தனியாக, ஒருநாள் பின்னால் ஆளும் சுமையுமாகப் போகிறவர்களுக்கு அது பொருந்தலாம். விறைப்பான ஸ்பிரிங் போட்டால் ஸ்பேசரை வெட்டிக் குறைக்க மறக்காதீர்கள்.

ரேஸ் டெக் என்ற சஸ்பென்ஷன் கம்பெனி மூலம் பலருக்கும் அறிமுகமான எமுலேட்டர், டேம்பர் ராடின் தலையில், ஸ்பிரிங்குக்குக் கீழே உட்காரும் ஒரு வால்வு. இறங்கும்போது மெதுவான அசைவில் பிடித்துக்கொள்ளும், கூரான அடியில் திறந்து விடும். கெட்டி ஆயிலால் முடியாத காரியம் இது. ஆனால் தொய்ந்த ஸ்பிரிங்கின் மேல் இதைப் போடுவது காசுக்குப் பிடித்த கேடு. தவிர, ராடில் உள்ள ஓட்டைகளைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். துளைத்ததைப் பழையபடி ஆக்க முடியாது. மாற்று ராடு கிடைக்குமா என்று விசாரித்த பிறகு ட்ரில்லை எடுங்கள்.