மர்ஃபியின் இலக்கண நூல்: ஒரு செவிலியரின் பரிந்துரை

தமிழ்வழியில் படித்த செவிலியர் நான். ஆங்கிலத்தில் நோயாளியின் நிலையைச் சொல்லும்போது வினைச்சொல்லில்தான் தடுமாற்றம் வரும். அதற்கு ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' அருமையான துணை. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, விடைகள் நூலின் பின்பகுதியில்.

5ஆம் அலகு இறந்தகாலம். எனக்கு மிகவும் பயன்பட்டது, முன்பு தொடங்கி இன்னும் தொடரும் செயலைச் சொல்லும் வினைவடிவத்தை விளக்கும் 9ஆம் அலகு. 'மூன்று நாளாக இருமுகிறார்' என்று தமிழில் நிகழ்காலமே போதும். ஆங்கிலத்தில் 'ஹீ ஹேஸ் பீன் காஃபிங் ஃபார் த்ரீ டேஸ்' என்றாக வேண்டும். இருமல் நேற்றோடு நின்றிருந்தால் வெறும் 'காஃப்ட்'. மருத்துவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்!

பேச்சுப் பயிற்சிக்கென்று எழுதப்பட்ட நூல் அல்ல இது. அதனால் விடைகளை உரக்கப் படியுங்கள். பென்சிலால் எழுதினால் அழித்துவிட்டு மறுபடியும் பழகலாம்.